கேமிங் கம்ப்யூட்டரை விற்கும் முன் பிங் பாருங்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். கிராஃபிக்ஸ் கார்டோடு கம்ப்யூட்டரை விற்றுவிட்டு, கேம் எங்கோ இருக்கும் சர்வரில் ஓட, படம் மட்டும் நெட் வழியாக நம் திரைக்கு வரும் கேம் ஸ்ட்ரீமிங்குக்கு ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டியிருக்கிறார். இப்போது பட்டனை அழுத்தினால் கேமில் ஆள் நிதானமாகக் குதிக்கிறான். "என் நெட் 200 மெகாபிட் சார், அப்புறம் ஏன் இப்படி?"

நெட்வொர்க் வேலையில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்த 200, ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வரும் என்பதை மட்டுமே சொல்லும். நீங்கள் அழுத்தியது சர்வருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைச் சொல்லாது. அதற்குப் பெயர் பிங். "வீடியோ நன்றாக ஓடுகிறதே" என்பார்கள். வீடியோ சில நொடிகள் முன்கூட்டியே இறங்கி நிற்கும்; நடுவில் நெட் தடுமாறினாலும் தெரியாது. கேமில் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. அடுத்து எதை அழுத்துவீர்கள் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? நொடிக்கு 60 ஃபிரேமில், அதாவது 60 படங்களில், ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 17 மில்லிசெகண்ட். பிங் 80 மில்லிசெகண்ட் என்றால் கிட்டத்தட்ட ஐந்து ஃபிரேம் பின்தங்கிவிட்டீர்கள். பிளானை 500 மெகாபிட்டாக மாற்றினாலும் சர்வர் பக்கத்தில் வந்துவிடாது. பிங் 20, 90, 35 என்று ஆடினால் இன்னும் மோசம். அதற்குப் பெரும்பாலும் வீட்டு வைஃபைதான் காரணம், நெட் கம்பெனி அல்ல.

இன்னொன்று, சந்தா என்பது வாடகைதான்; அது சர்வர் இயந்திரத்துக்கு மட்டுமா, கேமுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். ஜீஃபோர்ஸ் நவ் என்ற ஸ்ட்ரீமிங் சேவையில், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியவற்றில் பலவற்றை ஓட்டலாம். சந்தா நின்றாலும் கேம் ஸ்டீம் கணக்கில் இருக்கும். ஆனால் 2020ல் ஆக்டிவிஷன் பிளிசார்டு என்ற கேம் கம்பெனி தன் கேம்களை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. 2023 ஜனவரியில் தன் ஸ்ட்ரீமிங் சேவையான ஸ்டேடியாவை மூடிய கூகுள், கேம்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள்.

வாடகை தப்பு என்று சொல்லவில்லை. கார்டு விற்கிற விலைக்குப் பலருக்கு அதுதான் வழி. ஆனால் முதலில் ஒரு மாதச் சந்தா மட்டும் போடுங்கள். தெருவே நெட்டில் இருக்கும் இரவு நேரத்தில் ஆடிப் பாருங்கள். ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுங்கள், சோம்பல் வேண்டாம். டேட்டா வரம்பு உண்டா என்று கேளுங்கள்: 35 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் ஆடினால் 16 ஜிபி அளவுக்குக் கரையும். பழைய கம்ப்யூட்டரில் உள்ள சேவ் ஃபைல்களை, அதாவது கேமில் எதுவரை வந்தீர்கள் என்ற பதிவுகளை, தனியாக எடுத்து வையுங்கள். இதெல்லாம் சரியாக வந்த பிறகு விற்றுக்கொள்ளுங்கள், தயவுசெய்து அதற்கு முன்னால் வேண்டாம்.