மாராய வாள்

இலங்கையின் வன்னியில் 'வாள்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது மரம் அரிகிற வாள்தான். பாலையும் முதிரையும் அரிந்து பழகிய ஊர். போர்வாள் பார்க்க, வவுனியாக் கச்சேரியடியில், அதாவது மாவட்டச் செயலகத்தடியில், நிற்கிற வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் சிலைக்குத்தான் போகவேணும். பழந்தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒளி என்ற பொருளும் உண்டு. பளிச்சென்ற நெற்றியை 'வாள்நுதல்' என்றார்கள். இங்கே நான் சொல்லவருவது அப்படி மினுங்குவதற்கென்றே செய்த ஒரு வாளை. ஆங்கிலத்தில் 'presentation sword' என்பார்கள்; அதற்கு ஒரு தமிழ்ப்பெயர் தேடுகிறேன்.

போரில் பேரெடுத்த அதிகாரிக்கு, அவர் பெயரையும் செய்த செயலையும் அலகில் பொறித்துக் கொடுக்கிற வாள் அது. பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரிடம் தோற்ற அதே 1803இல்தான் இலண்டனில் லொயிட்ஸ் காப்புறுதி வணிகர்கள் நிதி திரட்டி இப்படி வாள்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். அவற்றுக்கும் தரம் இருந்தது: இளநிலை அதிகாரிக்கு 30 பவுண் வாள், கடற்படை லெப்டினன்டுக்கு 50, கப்டனுக்கு 100. (நகைக்கடைப் பவுண் இல்லை, இங்கிலாந்துக் காசு.) அலகு நீலமேற்றிப் பொன்னால் சித்திரமிட்டது. பிடியின் காப்பு கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிசின் கதாயுதம் போல வளைந்திருக்கும், அதில் ஒரு பாம்பு சுற்றியிருக்கும். அதைக்கொண்டு ஒரு தேங்காய் வெட்டவும் எவருக்கும் மனம் வராது.

இதைக் 'கௌரவ வாள்' என்று எழுதுகிறார்கள். வடசொல்லில் 'குரு' என்றால் கனம். அதிலிருந்து பிறந்தது கௌரவம். பிழையில்லை. ஆனால் எங்கள் அழைப்பிதழ்களில் 'கௌரவ' என்று தொடங்கினால் அடுத்தது பாராளுமன்ற உறுப்பினரின் பெயர்தான். வாளையும் அந்த வரிசையில் இருத்துவானேன்? 'பரிசு வாள்' என்பது போட்டியில் வென்றவனுக்கு. சாண்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரியில் பயிற்சியில் முதலாவதாக வருபவருக்குக் கொடுக்கும் வாளுக்கு அது பொருந்தும். களத்தில் நின்றவனுக்குப் பொருந்தாது.

தொல்காப்பியம், படையெடுப்பைப் பற்றிய வஞ்சித்திணையில் 'மாராயம் பெற்ற நெடுமொழி' என்கிறது. நெடுமொழி என்றால் வீரன் தன் பெருமை பேசுவது. மாராயம் என்றால் வேந்தன் வீரனுக்குச் செய்யும் சிறப்பு. படைத்தலைவனுக்குரிய ஏனாதி போன்ற பட்டங்களையும், நாடும் ஊரும் பெறுவதையும் உரைகாரர் இதற்குள் அடக்குவர். ஆகவே 'மாராய வாள்' என்பேன். கொடுத்தவர்கள் வேந்தரில்லையே, வணிகர்தானே என்று யாராவது மறிக்கலாம். மறிக்கட்டும். பெற்றவன் வீரன், பெற்றது சிறப்பு. எனக்கு அது காணும்.

லொயிட்ஸ் நிதியிடம் வாளுக்குப் பதிலாக வெள்ளிப் பாத்திரமோ காசோ கேட்டு வாங்கியவர்களும் உண்டு. அதுவும் மாராயம்தான், வாள்தான் இல்லை.