கிள்ளினால் வரும் கொழுப்பு

நிமிர்ந்து நின்று, தொப்புளுக்குப் பக்கத்தில் வயிற்றைக் கிள்ளிப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே மெத்தென்று வரும் மடிப்புதான் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் குழாய் எட்டுவது அதை மட்டும்தான். சிலருக்கு வயிறு பானை மாதிரி முன்னே நிற்கும். கிள்ளினால் வெறும் தோல்தான் அகப்படும். அவர்களுடைய கொழுப்பு வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கிடக்கிறது. அங்கே குழாயை விட முடியாது. சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் நெருங்கிய தொடர்புள்ளது அந்த உள்கொழுப்புதான்.

அறுவை அரங்கில் முதல் வேலை உறிஞ்சுவதல்ல, நிரப்புவது. உப்புநீரில் மரத்துப்போக வைக்கும் லிடோகெய்னையும் கொஞ்சம் அட்ரினலினையும் கலந்து தோலுக்கடியில் லிட்டர் கணக்கில் ஏற்றுவார்கள். அந்த இடம் விம்மி, தொட்டால் விறைப்பாக இருக்கும். அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் தோல் வெளிறிப்போகும். அப்புறம் சில மில்லிமீட்டர் அளவுக்குக் கீறி, முனை மழுங்கிய மெல்லிய குழாயை நுழைத்து முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். மருத்துவரின் ஒரு கை குழாயைப் பிடித்திருக்க, மறு கை தோலின் மேல் விரித்தபடி குழாயின் முனை போகும் இடத்தைத் தடவித் தெரிந்துகொண்டே இருக்கும். உறிஞ்சியது சேரும் ஜாடியில் கொஞ்ச நேரத்தில் இரண்டு அடுக்கு தெரியும்: மேலே மஞ்சள் கொழுப்பு, அடியில் இளஞ்சிவப்பு நீர்.

அந்த நீர் அவ்வளவாகச் சிவக்காமல் இருப்பதற்குப் பின்னால் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. 1920களில் பிரான்ஸில் டுஜாரியே என்ற மருத்துவர் ஒரு நடனக்காரியின் காலை மெலிதாக்க, கொழுப்பைக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டினார். கால் அழுகிப்போய், வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. 1970களில் ரோமில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் உள்ளீடற்ற குழாயைக் கொண்டுவந்தார்கள். பாரிஸில் இலூஸ் மழுங்கிய முனைக் குழாயால் அதைச் செம்மைப்படுத்தினார். ஆனாலும் ரத்த இழப்பு பெரிய தலைவலியாகவே இருந்தது. கலிபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987இல் வெளியிட்ட, நீர் நிரப்பும் இந்த முறைதான் அதைத் தீர்த்தது.

சரி, எடை குறையுமா? ஒரே அமர்வில் எடுப்பது பெரும்பாலும் 5 லிட்டருக்குள்தான். அதற்கு மேல் போனால் ஆபத்து ஏறும். அதிகம் எடுத்தால் உடல்நலம் கூடுமா என்றும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆய்வு அது. உடல் பருமனான 15 பெண்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை எடுத்தார்கள். 10 முதல் 12 வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதம், ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எதிலும் சொல்லும்படியான மாற்றமில்லை. பத்து கிலோ! பட்டினி கிடந்தும் நடந்தும் அவ்வளவு குறைத்திருந்தால் இதே அளவுகள் நன்றாகவே இறங்கியிருக்கும். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இது உருவத்தைச் செதுக்கும் சிகிச்சை. உடற்பயிற்சி செய்தும் கரையாத இடுப்பு மடிப்பு, தொடை, ஆண்களின் மார்புப் பெருக்கம் இவற்றுக்குப் பலன் உண்டு. எடுத்த கொழுப்பணுக்கள் போனது போனதுதான். ஆனால் பழையபடி சாப்பிட்டால் மிச்சமுள்ள அணுக்கள் பருக்கும். வேறு இடத்தில் சதை போடும்.

வீக்கமும் கன்றிப்போன நிறமும் சில வாரம் இருக்கும். இறுக்கமான உடையைப் பல வாரம் போட்டிருக்க வேண்டும். உண்மையான உருவம் தெரிய மூன்று மாதமாவது ஆகும். தோல் தொய்ந்தவர்களுக்கு மேடுபள்ளமாகவும் நின்றுவிடலாம்.

செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் பட்டம் பெற்றவரா, மயக்க மருத்துவர் கூடவே இருப்பாரா, அவசரத்துக்கு ஐசியு உண்டா என்று முன்பே கேளுங்கள். லிடோகெய்ன் அளவு மீறினால் நஞ்சாகும்; அது ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது பல மணி நேரம் கழித்து, சில சமயம் வீடு திரும்பிய பிறகு. காலில் உறையும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போவதும், குழாய் குடலைத் துளைத்துவிடுவதும் அரிது. நடந்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, காய்ச்சல், உளறல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.