'டிங்' கேட்டது, 'டாங்' வரவில்லை

கடலூரில் கடலோரமாக இருக்கும் தேவனாம்பட்டினத்தில் என் சித்தி வீட்டு காலிங் பெல் ஒரு மழைநாளில் 'டிங்' என்று அடித்தது. 'டாங்' வரவே இல்லை. "பெல்லு போயிடுச்சுப்பா, வேற வாங்கணும்" என்றார் சித்தி. பெல்லின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. உள்ளே 'கொர்ர்' என்று ஒரு ரீங்காரம்.

"பெல்லு நல்லாத்தான் இருக்கு சித்தி. மெயினை ஆஃப் பண்ணுங்க, கேட்டுல இருக்கற ஸ்விட்சைப் பார்த்துடுவோம்."

டிங்-டாங் பெல்லுக்குள் இருப்பது ஒரு கம்பிச்சுருள், அதாவது காயில். அதன் நடுவே நகரும் ஓர் இரும்புத் தண்டு, ஒரு ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடுகள். ஸ்விட்சை அமுக்கினால் காயில் காந்தமாகித் தண்டை இழுக்கிறது. அது ஒரு தகட்டில் மோதுவதுதான் 'டிங்'. விரலை எடுத்ததும் காந்தம் போய்விடும், ஸ்பிரிங் தண்டைத் திருப்பித் தள்ள, எதிர்த் தகட்டில் 'டாங்'. 1831ல் அமெரிக்காவின் ஆல்பனியில் ஜோசப் ஹென்றி நீளமான கம்பி வழியே மின்சாரம் அனுப்பி மணி அடித்துக் காட்டியதும் மின்காந்தத்தை வைத்துத்தான்.

அப்படியென்றால் 'டாங்' வராததற்குப் பொருள், விரலை எடுத்த பிறகும் மின்சாரம் நிற்கவில்லை என்பதே. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காந்த இழுப்பு இருமுறை ஏறி இறங்குவதால் தண்டு நொடிக்கு 100 முறை அதிர்கிறது. ரீங்காரம் அதுதான். சில நொடி வேலைக்கென்று சுற்றிய காயில், விடாமல் மின்சாரம் ஓடினால் கருகிவிடும். சூட்டை முதலில் கவனித்தது நல்லதாயிற்று.

கேட் ஸ்விட்சைக் கழற்றினோம். பித்தளைத் தகட்டில் பச்சைப் பொடி, ஸ்பிரிங் முழுக்கத் துரு, பொத்தான் உள்ளேயே சிக்கியிருந்தது. கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மழையில்லாத நாளிலும் உப்புப் படிந்த இடம் பிசுபிசுவென்றே இருக்கும், அரிப்பு ஓயாது. கடலோர வீடுகளில் பெல்லைக் குறை சொல்வதற்கு முன் கேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சத்தமே வராவிட்டாலும் அங்கேதான் தொடங்குவேன். டெஸ்டர் எரிவதை மட்டும் நம்பாதீர்கள். மிகச் சிறிய மின்னோட்டத்துக்கே அது ஒளிரும், பெல்லுக்கு அது போதாது. மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஸ்விட்ச் வயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை (மின்சாரம் அளக்கும் கருவி) இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலையில் ஸ்விட்சின் இரு முனைகளிலும் வைத்துப் பொத்தானை அமுக்குங்கள். 'பீப்' வரவில்லை என்றால் கோளாறு ஸ்விட்சில். வந்தால் அடுத்து வயர், கடைசியாகக் காயில்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வேறொன்று. பல வீடுகளில் அந்தச் சின்னப் பொத்தானுக்குப் பின்னால் 230 வோல்ட் நிற்கிறது, அதுவும் மழை நனைக்கும் இடத்தில். நனைந்த விரலோடு அதைத் தொடுவது பெரும்பாலும் தெருப்பிள்ளைகள். அதனால் சித்தி வீட்டில் பழைய ஸ்விட்சையே மாட்டவில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்து கேட்டுக்குப் போகும் வயரை அடியோடு நீக்கச் சொன்னோம். இப்போது அங்கே பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பொத்தான் இருக்கிறது, மேலே ஒரு சின்ன மழைமூடியோடு.