மரக்கன்று நட்டால் விமானப் புகை கரையாது

பருவநிலை மாற்றம் குறித்துப் பேச டெல்லியிலிருந்து ஒருவரை விமானத்தில் வரவழைத்து, 40 நிமிட உரை முடிந்ததும் பொன்னாடை போர்த்தி, கல்லூரி வளாகத்தில் அவர் கையாலேயே ஒரு மரக்கன்றை நடவைத்து, அன்று மாலையே திருவனந்தபுரத்துக்குக் காரில் அனுப்பிவைக்கும் வழக்கம் நம் குமரி மாவட்டக் கல்லூரிகளில் ஓய்வதாகத் தெரியவில்லை. கருத்தரங்க ஏற்பாட்டுக் குழுக்களில் தொடர்ந்து பணியாற்றி வருபவன் என்ற முறையில், அண்மையில் அப்படி இன்னொரு நிகழ்ச்சியையும் பார்த்துவிட்ட பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கன்று எதையும் ஈடுசெய்வதில்லை. டெல்லியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் வந்து திரும்பும் ஒருவரின் பங்காக 300 முதல் 400 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு ஈர்ப்பதோ சுமார் 20 கிலோ என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆக, அந்த ஒரு பயணத்துக்கே முழு மரம் ஒன்று 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்க வேண்டும். நடப்பட்டதோ முழங்கால் உயரக் கன்று. சித்திரை வெயிலில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எந்தக் குழுவும் தீர்மானித்து நான் பார்த்ததில்லை. கருத்தரங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் துணிப்பையின் கதையும் இதுவே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டிருக்கையில், அது சட்டத்துக்குக் கீழ்ப்படிதலே தவிரச் சாதனை அன்று.

கருத்தரங்குகளுக்காகச் சென்னைக்குச் செல்பவர்கள் ரயிலில் செல்லுங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சாலைப் பயணத்தையும் காத்திருப்பையும் மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் செல்லும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் மிச்சமாவது சொற்பமே. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் உறங்கிக் காலையில் எழும்பூரில் இறங்கலாம். 2024 ஆகஸ்டு முதல் வந்தே பாரத்தும் ஓடுகிறது.

துறைத்தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இணையவழியில் கட்டுரை வாசித்த இளம் ஆய்வாளரை நேரில் சென்றவருக்குச் சமமாக மதியுங்கள். சான்றிதழுக்காகவே ஓ.டி. (பணிநிமித்தம் வெளியே செல்வதற்கான அனுமதி) போட்டுவிட்டுப் பறப்பது அப்போதுதான் குறையும்.

உண்மையில், விமானச் சீட்டை எடுக்கவைப்பது பெரும்பாலும் நம்முடைய தாமதமே. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. நாமோ கடைசி வாரங்களில்தான் கல்லூரி முதல்வரின் கையொப்பம் பெற்று அழைப்புக் கடிதம் அனுப்புகிறோம், பிறகு காத்திருப்போர் பட்டியலைக் காட்டி வேறு வழியில்லை என்கிறோம். பேச்சாளர்களை மூன்று மாதங்களுக்கு முன்பே உறுதிசெய்யுங்கள். டெல்லி போன்ற தொலைவில் இருப்பவரை இணையவழியில் பேசச் சொல்லி, முந்தைய நாளே அரங்கின் ஒலிபெருக்கியோடு இணைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.