ஹெபடைடிஸ் பி ஊசி: யாருக்கு இலவசம், யாரை அலையவிடுகிறார்கள்

திருகோணமலையின் கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போக மெடிக்கல் (மருத்துவப் பரிசோதனை) செய்யும் இளைஞர்களில் சிலர், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இரத்தத்தில் இருப்பதால், 'அன்ஃபிட்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வருகிறார்கள். என்ன நோய், அடுத்து எங்கே போகவேண்டும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. வேலைக்கு ஆள் பிடிக்கும் சப் ஏஜென்ட் மட்டும் சொல்வார்: "ஒரு ஊசி இருக்கு தம்பி, போட்டால் அடுத்த மெடிக்கலில் பாஸ்." ஊசிக்கும் காசு போகும், மறுபடி மெடிக்கலுக்கும் காசு போகும், முடிவு மட்டும் மாறாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நோய் வராமல் காக்கும். உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கிற வைரஸை அது ஒன்றும் செய்யாது. வேறெதை வாசிக்காவிட்டாலும் இதை வீட்டில் சொல்லிவையுங்கள்.

அரசின் தடுப்பூசித் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கையில் இந்தத் தடுப்பூசி 2003 முதல் கட்டங்கட்டமாகக் குழந்தைகளுக்கு ஏற்றப்படுகிறது. 2008 முதல் ஐந்து நோய்களுக்கான பென்டாவலன்ட் ஊசிக்குள் அதுவும் அடக்கம். குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில், எம்.ஓ.எச் (பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில், ஒரு சதமும் கட்டாமல் கிடைக்கும். அவ்வளவுதான் திட்டம். இதற்கு வெளியே நிற்கிறவர்களின் பாடுதான் பெரிது.

குழந்தைகளிலேயே தொடங்குவோம், ஏனென்றால் மிக மோசமான தவறு அங்கேதான் நடக்கிறது. பிறந்தவுடன் போடுவது பி.சி.ஜி, அது காசநோய்க்கு. "பிறந்தபோதே ஊசி போட்டாச்சு" என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் பலர், அந்த ஊசிக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் தொடர்பில்லை என்பதை அறிவதில்லை. தாய்க்கு வைரஸ் இல்லையென்றால், இங்குள்ள திட்டப்படி 2 மாதத்தில் ஊசிகளைத் தொடங்குவார்கள். தாய்க்கு இருந்தால் கதை வேறு. அந்தக் குழந்தைக்குப் பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் தனியாக ஒரு ஹெபடைடிஸ் பி ஊசியும், அதோடு எச்.பி.ஐ.ஜி எனப்படும் தயாரான எதிர்ப்புச் சக்தி ஊசியும் போடவேண்டும். "ரெண்டு மாத ஊசியில் இது இருக்குத்தானே, அப்போது போடலாம்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் 10-க்கு 9 பேருக்கு நோய் நாள்பட்டதாக உடம்பிலேயே தங்கிவிடும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் அப்படித் தங்குவது 100-க்கு 5-க்கும் குறைவு. எனவே அந்த முதல் நாளை விட்டுவிட்டால் பிறகு ஈடுசெய்ய முடியாது.

கர்ப்பிணிகளே, கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள் என்பதற்காக எல்லாம் பார்த்திருப்பார்கள் என்று எண்ணவேண்டாம். எச்.ஐ.வி-யும் சிபிலிஸும் வழமையாகப் பார்ப்பார்கள். ஹெபடைடிஸ் பி-க்கான பரிசோதனையின் பெயர் எச்.பி.எஸ்.ஏஜி. உங்கள் கர்ப்பகால அட்டையில் அந்தப் பெயரும் முடிவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் நேரே கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. இது ஒழுக்கம் பற்றிய கேள்வி அல்ல, வைரஸ் உள்ள பெண்ணுக்கும் அது தன் தாயிடமிருந்தே வந்திருக்கலாம். முடிவு 'பொசிட்டிவ்' என்றால் பிரசவத்துக்குப் பல வாரங்கள் முன்பே வைத்திய நிபுணரிடம் காட்டவேண்டும். வைரஸின் அளவு அதிகமாக இருந்தால் கடைசி மூன்று மாதங்களில் மாத்திரை கொடுத்துக் குழந்தைக்குப் போவதைக் குறைக்க வழியிருக்கிறது. அப்புறம், அந்த இரண்டு ஊசிகளும் பிரசவ நாளில் வைத்தியசாலையில் கையிருப்பில் இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். முன்கூட்டியே கேட்டு, அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதச் செய்யுங்கள். வெள்ளி இரவு வலி எடுத்து, சனிக்கிழமை பிறந்து, "திங்கள்தான் மருந்து வரும்" என்று கேட்கிற நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. தாய்ப்பால் கொடுக்கலாம். கொடுக்கக்கூடாதென்று பயமுறுத்தும் மாமிமார் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்; அவர்கள் சொல்வது பிழை.

பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண்களை, "உங்கட பகுதி கிளினிக்குக்குப் போங்கோ" என்று திருப்பிவிடுவதும் நடக்கிறது. வெருகலிலோ புல்மோட்டையிலோ இருந்து கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறிப் போவதென்றால் என்னவென்று மேசைக்குப் பின்னால் இருப்பவர் நினைப்பதில்லை. வந்து தங்கிய உடனேயே அந்தப் பகுதி மிட்வைஃபிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோய், போட்ட ஊசியை அதிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பெரியவர்களுக்கும் இதே விதிதான். "திரும்ப மூன்றும் போடணும்" என்று சொல்லிப் பணம் வாங்கும் இடத்தை விட்டு வெளியே வாருங்கள்.

இனிப் பெரியவர்கள். 2003-க்கு முன் பிறந்தவர்களுக்குக் குழந்தைப் பருவத்தில் இந்த ஊசி கிடைத்திருக்காது. இவர்கள் அரச கிளினிக்குக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இது பிள்ளைகளுக்குத்தான்." வெளியே காசு கொடுத்துத்தான் போடவேண்டும்: மூன்று ஊசி, முதலாவதிலிருந்து 1 மாதத்தில் இரண்டாவது, 6 மாதத்தில் மூன்றாவது. காசு போகிற இடமென்பதால் கவனமாக இருங்கள். முதலில் எச்.பி.எஸ்.ஏஜி பரிசோதனை செய்யுங்கள். நோய் ஏற்கெனவே இருந்தால் ஊசிக்குக் கொடுத்த காசு வீண். இல்லையென்று தெரிந்தபின் ஊசி போடுங்கள். பாமசியில் மருந்தை வாங்கிப் பையில் போட்டு, திருகோணமலை வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோய் வேறொரு இடத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டிய மருந்து, உறைந்தாலும் கெட்டுவிடும். வாங்குகிற இடத்திலேயே போடுங்கள். மேற்கையில்தான் போடவேண்டும், பிட்டத்தில் போட்டால் பலன் குறையும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. இந்த ஊசி போட்ட கையோடு மெடிக்கலுக்குப் போனால், ஊசியிலிருக்கும் பொருளே சில நாட்கள் இரத்தத்தில் தெரிந்து, நோய் இல்லாதவருக்கும் 'பொசிட்டிவ்' காட்டக்கூடும். ஊசிக்கும் மெடிக்கலுக்கும் இடையே ஒரு மாதமாவது விடுங்கள். இது தெரியாமல் விசாவை இழப்பது கொடுமை. உண்மையாகவே 'பொசிட்டிவ்' என்றால் வளைகுடா நாடுகளின் மெடிக்கல் உங்களைத் தள்ளிவிடும். அதை மாற்றித் தருகிறேன் என்பவர் யாரானாலும் காசு பிடுங்கவே வருகிறார். ஏஜென்ட் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்திருந்தாலோ, கட்டிய பணத்தைத் திருப்பித் தராவிட்டாலோ வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுத்திருக்கக்கூடாது என்பது அப்போதுதான் புரியும், அதனால் இப்போதே சொல்கிறேன்.

மெடிக்கல் பெயிலானவர் அந்த றிப்போர்ட்டைக் கிழித்தெறியாமல் வைத்துக்கொள்ளட்டும். வேலை கிடைக்காது என்பதோடு விஷயம் முடிவதில்லை, ஈரலைக் கவனிக்கவேண்டும். அரச வைத்தியசாலையின் ஓ.பி.டி-யில் காட்டி, மெடிக்கல் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது; ஆனால் தவணைக்குத் தவணை இரத்தமும் ஸ்கேனும் பார்க்கவேண்டும். கவனிக்காமல் விட்டால் ஈரல் சுருங்கும், புற்றுநோயும் வரலாம். செங்கண்மாரி வந்தபின் போகலாம் என்று காத்திருக்காதீர்கள், பலருக்குப் பல வருடங்கள் எந்த அறிகுறியும் தெரியாது. கீழ்க்காய்நெல்லிச் சாறு இந்த வைரஸை வெளியேற்றாது. வீட்டிலுள்ள மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரையும் பரிசோதிக்கவேண்டும். சவரக்கத்தி, பல்துலக்கி தனித்தனி. மற்றபடி ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம். தட்டையும் கோப்பையையும் ஒதுக்கி வைத்து ஒரு மனிதனை அவமதிப்பதற்கு மருத்துவத்தில் எந்தக் காரணமும் இல்லை.

வைத்தியசாலைகளில் கொம்பனி மூலம் துப்புரவு வேலை செய்கிற அக்காமாரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஊசி கிடக்கும் குப்பையை அள்ளுவது அவர்கள். தடுப்பூசி கேட்டால் வைத்தியசாலை "நீங்கள் எங்கள் ஸ்டாஃப் இல்லை" என்கிறது, கொம்பனி "அது ஆஸ்பத்திரி வேலை" என்கிறது. வாயால் கேட்காதீர்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிக்கும் கொம்பனிக்கும் ஒரே கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். கையில் ஊசி குத்தினால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அன்றைக்கே பதிவுப் புத்தகத்தில் எழுதச் செய்து வைத்தியரைப் பாருங்கள். வீட்டுக்குப் போய் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டால் 24 மணித்தியாலம் ஓடிவிடும், பிறகு அது வேலையில் குத்தியதென்று நிரூபிப்பதும் உங்கள் தலையில்தான்.

கடைசியாகப் பதிவுகள். வெளிநாட்டில் படிக்கவோ தாதிப் பயிற்சிக்கோ போகும் பிள்ளையிடம் ஊசி போட்டதற்கு ஆதாரம் கேட்பார்கள். 2004 சுனாமியிலும், 2006-இல் மூதூர் கிழக்கு, சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபோதும் எத்தனையோ பிள்ளைகளின் அட்டைகள் போய்விட்டன. எம்.ஓ.எச் பணிமனைக்குப் போனால் "அந்த வருடப் புத்தகம் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. எழுத்தில் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம். அதற்குக் காத்திருக்க நேரமில்லாதவர்கள் இரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்புச் சக்தியை அளக்கும் அன்டி எச்.பி.எஸ் பரிசோதனை செய்து பாருங்கள். அளவு 10 mIU/mL-க்குக் குறையாமல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது, அந்த றிப்போர்ட்டைப் பல இடங்களில் ஏற்பார்கள். குறைந்திருந்தால் ஊசி போடத் தொடங்குங்கள். முன்பு போட்டிருந்தாலும் மறுபடி போடுவதால் தீங்கில்லை. மூன்றாவது ஊசிக்கு 6 மாதம் ஆகும் என்பதால், விண்ணப்பப் படிவம் வரும்வரை காத்திருக்காமல் ஏ.எல் சோதனை எழுதிய கையோடு முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள்.