இலை தரும் வாசம், நெருப்பு தரும் வாசம்

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் பெரியப்பா போனில் கூப்பிட்டார். "தம்பி, பெட்டிக்குள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு, வந்து பாரு." அது சுருட்டுப் பெட்டி. பிரான்சில் வேலை பார்க்கும் அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, கோடை விடுமுறைக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. அங்கே ஒரு கடை, மாதத்துக்கு ஒரு தேர்வு என்று உயர்ரகச் சுருட்டுகளைச் சந்தா கட்டியவர்களுக்கு எடுத்து வைக்கிறதாம். ஒவ்வொன்றுடனும் ஓர் அட்டை வருகிறது: இலை எந்த நாட்டில் விளைந்தது, பற்றவைத்ததும் என்ன சுவை, பாதியில் என்ன, கடைசியில் என்ன. ஒரு வருஷத்துக்கு 12 சுருட்டு, 12 அட்டை. தீபாவளிக்கு முதலாவதைப் பற்றவைக்கலாம் என்று பெரியப்பா ஒன்றையும் தொடாமல் வைத்திருந்தார்.

பூஞ்சையைவிட அந்த அட்டைகள்தான் அவரை அதிகம் குடைந்துகொண்டிருந்தன. பிரெஞ்சில் படித்து எனக்குத் தமிழில் சொன்னார்: காப்பி, கொக்கோ, பதனிட்ட தோல், மிளகு, வறுத்த கொட்டை, கேதுரு மரம், வைக்கோல், உலர்ந்த திராட்சை, மாட்டுத் தொழுவம். "இத்தனையும் உள்ள கலக்குறாங்களா? இல்ல, எழுதுறவன் இட்டுக்கட்டுறானா?"

நான் வேதியியல் ஆசிரியர், புகைப்பதில்லை. அவர் புகைப்பது எனக்குப் பிடிக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் கேள்வி அருமையான கேள்வி. அவர் சொன்ன இரண்டுமே இல்லை என்பதுதான் பதில். கையால் சுற்றும் இந்த வகைச் சுருட்டில் புகையிலையும், நுனியை ஒட்டக் கொஞ்சம் தாவரப் பசையும்தான் இருக்கின்றன. அட்டையில் உள்ள சொற்களும் வெறும் கற்பனை இல்லை. காப்பிக்கு மணம் தரும் மூலக்கூறுகளில் சில சுருட்டுப் புகையிலும் உண்மையாகவே இருக்கின்றன.

பச்சைப் புகையிலையைக் கிள்ளி முகர்ந்தால் பச்சிலை நெடிதான் வரும். பறித்த இலைகளைக் காற்றோட்டமான கொட்டகையில் நாலு முதல் எட்டு வாரம் தொங்கவிடுகிறார்கள். பறித்த உடனே இலை செத்துவிடுவதில்லை. பல நாள் உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டே, தன்னிடம் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி அதையும் தின்று தீர்க்கிறது. பச்சையம் சிதைகிறது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. காரட்டுக்கும் பப்பாளிக்கும் நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பம் அது. பிறகு அந்த மஞ்சளும் உடைகிறது. உடைந்த துண்டுகள் சிறியவை, லேசானவை, எளிதில் ஆவியாகி மூக்குக்கு வந்துவிடுகிறவை. டாமசினோன், அயனோன் என்று அவற்றுக்குப் பெயர். ரோஜா எண்ணெயின் மணத்தில் முக்கியப் பங்கு டாமசினோனுக்கு; நாம் குடிக்கும் தேநீரிலும் இரண்டும் உண்டு. வைக்கோல், உலர்ந்த பழம், தேன் என்றெல்லாம் அட்டையில் வருவது பெரும்பாலும் இவற்றின் வேலை. ஒரு பழுத்த இலையின் மஞ்சள் நிறம்தான் பிறகு வாசனையாகிறது என்பதை எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

அடுத்தது அம்பாரம். நம் ஊரில் இதைப் புகையிலையைப் பாடம் செய்வது என்பார்கள். காய்ந்த இலையை லேசாக ஈரமாக்கி, ஆள் உயரத்துக்கு அடுக்கி, அழுத்தி வைப்பார்கள். நனைந்த வைக்கோல்போருக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு உள்ளே என்ன நடக்கும் என்று தெரியும். நுண்ணுயிர்களும் இலையின் மிச்ச நொதிகளும் வேலை செய்து உள்ளே சூடு ஏறும். 50 டிகிரி பக்கம் வந்ததும் அம்பாரத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்து மறுபடி அடுக்குவார்கள். வாரக்கணக்கில், சில இலைகளுக்கு மாதக்கணக்கில் இது நடக்கும். புரதம் உடைந்து அமோனியா கிளம்பும். அந்தக் கொட்டகையில் நின்றால் கண் எரியும். கரகரப்பு போய், இலைக்குத் தோல், தொழுவம் என்ற ஆழமான மணங்கள் வருவது இந்தக் கட்டத்தில்தான். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்துச் சுருட்டு இலையும் பாடம் செய்யப்பட்டதுதான். பிரிட்டிஷார் காலத்தில் அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்ற பெயரில் கடல் கடந்து போனது. ஆங்கிலத்தில் புழங்கும் 'செரூட்' என்ற சொல்லே நம் 'சுருட்டு'தான். பிரெஞ்சுக்காரர்கள் வாய் வழியாகப் போயிருக்கலாம் என்று சொல்வார்கள். இதைக் கேட்டதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதே அம்பாரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. அட்டையில் அது இருக்காது. இலையில் உள்ள நைட்ரேட்டைச் சில நுண்ணுயிர்கள் நைட்ரைட் ஆக்குகின்றன. அந்த நைட்ரைட், நிக்கோட்டினோடும் அதன் உறவுக்காரச் சேர்மங்களோடும் சேர்ந்து நைட்ரோசமீன்களை உண்டாக்குகிறது. அவற்றில் இரண்டை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் வகுப்பிலேயே வைத்திருக்கிறது. மணத்தைக் கொடுத்த அதே அம்பாரம், அதே நுண்ணுயிர் வேலை. விலை உயர்ந்த இலை என்பதால் இது நடக்காமல் போவதில்லை.

சரி, பூஞ்சைக்கு வருவோம். சுருட்டுக்குப் பிடித்த ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம். அதற்குக் கீழே போனால் இலை நொறுங்கி, வேகமாகவும் சூடாகவும் எரியும். அதிகமானால் காற்று இழுபடாது, அடிக்கடி அணையும். 75, 80-ஐத் தாண்டிவிட்டால் பூஞ்சை. அட்டையோடு வந்த குறிப்பில், பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைக்கச் சொல்லியிருந்தார்கள். பிரான்சின் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும். அங்கே அது சரியான யோசனை. ஐப்பசியில் புதுச்சேரிக் கடற்காற்று 80-ஐத் தாண்டி நிற்கிறது. துவைத்த துணியே மூன்று நாள் காயாத வீட்டில், பெரியப்பா குறிப்பை நம்பி நாள் தவறாமல் பஞ்சை நனைத்திருக்கிறார்.

ஆனால் பெட்டியில் இருந்த ஈரமானி 70 என்று காட்டியது. மானி சரியா என்று பார்க்க உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோலக் குழைத்தேன். அதையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஓர் இரவு வைத்தோம். நிறைசெறிவான, அதாவது மேற்கொண்டு உப்பு கரைய முடியாத கரைசலுக்கு மேலே நிற்கும் காற்றின் ஈரப்பதம் எப்போதும் 75 சதவீதம்தான். காற்றில் ஈரம் அதற்கு மேல் இருந்தால் உப்பு அதை வாங்கிக்கொள்ளும், குறைந்தால் கொடுத்துவிடும். மறுநாள் காலை மானி 66 காட்டியது. ஆக 9 குறைத்துக் காட்டுகிறது. பெட்டிக்குள் உண்மையில் 79 இருந்திருக்கிறது.

பெரியம்மா நடுவில் ஒரு கேள்வி கேட்டார். "மரக்காணத்துக் கல்லுப்புதான் ஜாடி நிறைய இருக்கே, அத வெச்சுப் பாத்தா என்ன?" கூடாது. உப்பளத்திலிருந்து நேரே வரும் கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் இருக்கும். அது காற்றில் 33 சதவீத ஈரம் இருந்தாலே தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும், கணக்கு தப்பிவிடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் நீர் விட்டு நிற்பதும் இதனால்தான். "அப்ப உப்பு மேல தப்பு இல்ல" என்றார் பெரியம்மா.

பஞ்சை எடுத்து எறிந்தோம். பூஞ்சை பிடித்த இரண்டு சுருட்டுகளையும் எறிந்தோம். மீதிப் பத்தையும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி, ஈரத்தை வாங்கவும் கொடுக்கவும் செய்யும் உப்புக்கரைசல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்தோம். அதுவும் இந்த உப்புச் சேறு செய்த வேலையைத்தான் செய்கிறது. பழைய பெட்டியின் மரத்தைக் கேதுரு என்பது பழக்கத்தால் வந்த பெயர். உண்மையில் அது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மரம். அதன் எண்ணெய் வாசனை இலையில் ஏறும். அட்டையில் வரும் கேதுருவில் ஒரு பங்கு பெட்டியினுடையது. அப்புறம் வண்டு: மஞ்சளையும் மிளகாய் வற்றலையும் துளைக்கிற அதே சின்னப் பழுப்பு வண்டு புகையிலைக்கும் பரம எதிரி. நம் வெப்பத்தில் அது நன்றாகவே பெருகும்.

கடலோரம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நல்ல சுருட்டு இலைக்கு உப்பு மண் ஆகாது. இலையில் குளோரைடு ஏறினால் நெருப்பு நிற்காமல் அணைந்து அணைந்து போகும். பொட்டாசியம் இருந்தால் சீராகக் கனலும். அதனால்தான் நம் பக்கத்தில் எரிக்கும் இலை கடலை விட்டுத் தள்ளி, திண்டுக்கல் போன்ற உள்பகுதியில் விளைகிறது. வேதாரண்யம் போன்ற கடற்கரை மண்ணில் விளைவது மெல்லும் புகையிலை.

இனி நெருப்பு. இழுக்கும்போது கங்கின் வெப்பம் 900 டிகிரி வரை ஏறும். அங்கே எல்லாம் எரிந்துவிடும், வாசனைக்கு இடமில்லை. மணம் பிறப்பது கங்குக்குச் சில மில்லிமீட்டர் பின்னால். அங்கே ஆக்சிஜன் இல்லை, சூடு மட்டும் இருக்கிறது. இலை எரியாமல் வறுபடுகிறது. சர்க்கரைச் சேர்மங்களும் அமினோ அமிலங்களும் வறுபட்டால் பைரசீன்கள் உண்டாகும். காப்பிக்கொட்டை வறுக்கும்போதும், பண்ருட்டியில் முந்திரி வறுக்கும்போதும் தெருவெல்லாம் பரவும் மணத்தில் அந்தக் குடும்பம்தான் இருக்கிறது. இலை நரம்பில் உள்ள லிக்னின், அதாவது மரத்துக்கு உறுதி தரும் அதே பொருள், உடைந்தால் குவையகோல், வனிலின். அதனால் புகைந்த கட்டை, கிராம்பு, வனிலா என்ற சொற்கள். இப்படிப் பிறந்த புகை எரியாத மீதிச் சுருட்டின் வழியாக வரும்போது குளிர்ந்து, அதில் ஒரு பகுதி இலையிலேயே படிந்துவிடும். அடுத்து அந்த இலை எரியும்போது படிந்ததும் சேர்ந்து எரிகிறது. அட்டை சுருட்டை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதுவதற்குக் காரணம் இதுதான். கடைசிப் பகுதி உறைப்பதும் இதனால்தான்.

மிளகு மட்டும் வாசனையே இல்லை. தாளிக்கும்போது மிளகாய் கமறுகிறதே, அதைச் சொல்வது முகத்தின் வலி நரம்பு. அமோனியாவும் நிக்கோட்டினும் அந்த நரம்பைக் குத்துகின்றன. 'மணம்', 'வாசம்', 'நெடி', 'கமறல்', 'வீச்சம்' என்று தனித்தனிச் சொல் வைத்திருக்கிற நமக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டியதில்லை.

"நான் உள்ள இழுக்கிறதே இல்லையே, வாயோட சரி" என்பது பெரியப்பாவின் நெடுநாள் வாதம். இதற்கு நான் நேரம் எடுத்துக்கொண்டேன். பெரும்பாலான சிகரெட் இலையைச் சூடான அறையில் சில நாளிலேயே உலர்த்திவிடுகிறார்கள். சர்க்கரை தங்கிவிடுகிறது, அதனால் புகை அமிலமாக வருகிறது. சுருட்டு இலையில் சர்க்கரை தீர்ந்துபோய் அமோனியா மிஞ்சியிருப்பதால் புகை காரத்தன்மைக்குப் போகிறது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 6-இல் இருந்தால் நிக்கோட்டினில் ஒரு சதவீதம்தான் அமிலத்தோடு கட்டுப்படாமல் இருக்கும், 8-இல் பாதி. கட்டுப்படாத நிக்கோட்டின் வாயின் தோலைக் கடந்து நேரே ரத்தத்துக்குப் போய்விடும், நுரையீரலே தேவையில்லை. புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்து அடக்கிக்கொள்ளும் கிழவிகளுக்கு இந்த வேதியியல் கைப்பழக்கமாகவே தெரியும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவுக்குப் புகையிலையும், 100 முதல் 200 மில்லிகிராம் வரை நிக்கோட்டினும் இருக்கலாம். புகை தங்கும் இடம் வாயும் தொண்டையும் என்பதால் புற்றுநோய் வருவதும் வாயிலும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும். உள்ளே இழுக்காதது இவற்றைத் தடுப்பதில்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் நானே ஒரு சோதனை சொன்னேன். பத்துச் சுருட்டையும் பற்றவைக்காமல் முகர்ந்து பார்ப்போம். அட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோன்றுவதைப் பெரியம்மா தாளில் எழுத வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே முழங்கையின் உட்புறத்தை முகர்ந்துகொண்டோம்; நம் சொந்த வாசனை மூக்குக்குப் பழகியது, ஓய்வு கொடுக்கும்.

வைக்கோல் வந்தது, உலர்ந்த திராட்சை வந்தது, தோலும் மரமும் வந்தன. காப்பி ஒன்றில்கூட வரவில்லை. வறுத்த கொட்டையும் மிளகும் வரவில்லை. அவை நெருப்பின் சொற்கள். நெருப்பு வைக்காமல் வராது. கொக்கோவையும் அந்தப் பக்கத்தில்தான் எதிர்பார்த்திருந்தேன், ஆனால் இரண்டு கருத்த சுருட்டுகளில் பெரியம்மா அதைத் தெளிவாகப் பிடித்தார். யோசித்துப் பார்த்தால் சரிதான்: கருத்த இலை அம்பாரத்தில் அதிக நாள், அதிகச் சூட்டில் கிடந்தது. வாணலியில் நிமிஷத்தில் நடக்கும் வறுபடல், அங்கே மாதக்கணக்கில் மெல்ல நடந்திருக்கிறது.

பெரியம்மா எழுதியதைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தந்த அட்டையின் பின்னால் பெரியப்பா ஒட்டி வைத்திருக்கிறார். ஏழாம் மாதத்து அட்டையின் பின்னால் 'கன்னுக்குட்டி கட்டின இடம்' என்று இருக்கிறது. திருப்பிப் பார்த்தால், முன்பக்கம் பிரெஞ்சில் அச்சடித்திருப்பதும் தொழுவம்தான்.