இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையில் ஸ்டீராய்டு: ஒரு வேளை ஊசி போதும்

தொடை எலும்பின் தலையை வெட்டியெடுத்து, இடுப்புக் கிண்ணத்தைக் குடைந்து, உலோகத் தண்டை எலும்புக்குள் இறக்கும் அறுவை இது. இத்தனை காயத்துக்குப் பிறகு சதை வீங்கத்தான் செய்யும். புண் ஆறுவதே அந்த அழற்சியில்தான் தொடங்குகிறது. அது அளவு மீறினால் வலியும் குமட்டலும் சேர்ந்து, முதல் இரண்டு நாள் நோயாளியை எழுந்து நடக்க விடாது.

இதைத் தணிக்க, அறுவை நாளிலேயே சிரை வழியாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் போடுகிறோம். வழக்கமான அளவு 8 மி.கி.; சில இடங்களில் 24 மி.கி. வரை கொடுக்கிறார்கள். 8 மி.கி. என்பது, பலர் மாத்திரையாகச் சாப்பிடும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டில் ஏறத்தாழ 50 மி.கி.க்குச் சமம். வேலை ஒன்றரை, இரண்டு நாள் நிற்கும். முதுகில் மயக்க ஊசி போட்டு விழித்திருப்பவருக்கு இதை வேகமாக ஏற்றினால் பிறப்புறுப்பைச் சுற்றி எரிச்சல் எடுக்கும்; மெதுவாக ஏற்றினால் தவிர்க்கலாம்.

“புண்ணில் சீழ் பிடிக்குமா?” என்று எல்லோரும் கேட்பார்கள். பலவகை அறுவைகளில் 8,700-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், ஒரு வேளை 8 மி.கி. கொடுத்ததால் புண் தொற்று கூடவில்லை. அவர்களில் சர்க்கரை நோயாளிகளும் இருந்தனர். ஆனால் சர்க்கரை ஏறும். முதல் 24 மணி நேரம் 4 முதல் 6 மணிக்கு ஒரு முறை பார்த்து, 180 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டினால் இன்சுலின் தேவையா என்று முடிவு செய்வோம். ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் கூடும். அதை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்லிவிட முடியாது.

அறுவைக்கு முன் மறைக்கக் கூடாதவை இரண்டு. இடுப்பு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதமாவது கழித்தே அறுவை. முன்னதாகச் செய்தால் செயற்கை மூட்டில் தொற்று அபாயம் கூடுகிறது. முடக்குவாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ தினமும் பிரெட்னிசலோன் சாப்பிடுபவர் தானாக நிறுத்தக் கூடாது. உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி, மாத்திரையால் சோம்பிக் கிடக்கும் நிலையில், அறுவை மேசையில் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம்.

எங்களுக்குப் பெரிய கவலை வீடு திரும்பிய பிறகுதான். வீக்கம் வடியவில்லையென்று மருந்துக்கடையில் டெக்ஸா மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் போடுகிறார்கள். வலி குறையும், உள்ளே தொற்று இருந்தால் அதன் காய்ச்சலும் சிவப்பும் மறைந்துபோகும். நீண்ட நாள் ஸ்டீராய்டு, ரத்த ஓட்டத்தைக் கெடுத்துத் தொடை எலும்புத் தலையைச் சாகடிக்கும். இளம் வயதிலேயே பலருக்கு இந்த அறுவை தேவைப்பட்டதற்குக் காரணம் அதுதான். மாற்றாத மறுபக்க இடுப்புக்கும் அதே ஆபத்து.

கால் வீக்கம் சில வாரங்கள் இருக்கலாம். படுக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள். துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள். தையலிலிருந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வலியோடு திடீரென வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.